சர்வீஸ் ரிப்போர்ட் படித்து வளர்ந்த கதை: அறிவியல் கருவித் தொழிலில் நிர்வாகியாக என்ன செய்ய வேண்டும்

வேலையில் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது ஒரு டூல் பேக், ஒரு மல்டிமீட்டர், இயற்பியலில் ஒரு பட்டம். ஆய்வகக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் ஃபீல்ட் சர்வீஸ் இன்ஜினியர். 24 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தபோது, நிறமாலைமானியும் (சாம்பிள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது) குரோமட்டோகிராஃபும் (கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிப்பது) செய்யும் ஒரு பிரிவின் முழு லாப நஷ்டமும் என் பொறுப்பில் இருந்தது. இடையில் அப்ளிகேஷன், விற்பனை, புராடக்ட் மேனேஜ்மென்ட் என்று எல்லா மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் துறையில் மேலே வர என்ன வழி என்று கேட்கும் இளைஞர்களின் முதல் கேள்வி பெரும்பாலும், "எம்பிஏ எப்போது பண்ணலாம் மேடம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "கடைசியாக ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எப்போது படித்தீர்கள்?" பழுது பார்த்த இன்ஜினியர் எழுதி வைக்கும் அந்தத் தாள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றே பலருக்குத் தெரிவதில்லை. அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அளவீட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்

நம்மிடம் வாங்குபவர் பெரும்பாலும் நம்மைவிட அதிகம் படித்தவர். அந்த ஒரு அளவீட்டிலேயே பத்துப் பதினைந்து வருடம் ஊறியவர். அவர் முன்னால் பிரோஷரை ஒப்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் முகம் மாறிவிடும். ஆகவே நீங்கள் நிதியிலிருந்து வந்திருந்தாலும் சரி, மார்க்கெட்டிங்கிலிருந்து வந்திருந்தாலும் சரி, நிறுவனம் செய்யும் கருவிகளில் ஒன்றையாவது அதன் இயற்பியலோடு சேர்த்துக் கற்க வேண்டும். ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்று முழுசாகத் தெரிய வேண்டும்.

எப்படி என்று ஒரு உதாரணம். நிறமாலைமானியின் ஸ்பெசிஃபிகேஷன் தாளில் 'ஸ்ட்ரே லைட் 0.1 சதவீதம்' என்று ஒரு வரி இருக்கும். விற்பனைக் கூட்டங்களில் அதை எல்லோரும் தாண்டிப் போவார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உறிஞ்சல் 2 என்றால் 100 பங்கு ஒளியில் 1 பங்குதான் சாம்பிளைக் கடந்து வருகிறது. உறிஞ்சல் 3 என்றால் 1000-இல் 1 பங்கு. கருவிக்குள் எங்கெங்கோ பட்டுச் சிதறி டிடெக்டருக்கு வரும் வேண்டாத ஒளியும் அதே 1000-இல் 1 பங்கு என்றால், டிடெக்டர் இரண்டையும் சேர்த்தே பார்க்கும். உண்மையில் 3 இருக்கும் சாம்பிளைக் கருவி 2.7 என்று காட்டும். 2 இருப்பதை 1.96 என்று காட்டும். அடர்த்தியான கரைசலை நீர்க்காமல் அப்படியே அளக்கும் வாடிக்கையாளருக்கு அந்த ஒரு வரிதான் முழுக் கருவியும். இதை அவரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினால், அப்புறம் விலைப் பேச்சே வேறு மாதிரி போகும்.

அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணாடி எலெக்ட்ரோடு 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் தரும். அதுவா பெரிய விஷயம், ஒரு மல்டிமீட்டரால் அளந்துவிடலாமே என்று தோன்றும். நான் சேர்ந்த முதல் மாதம் அதைச் செய்தும் பார்த்தேன். எண் எங்கேயோ அடியில் கிடந்தது. காரணம் எளிது. கண்ணாடி எலெக்ட்ரோடின் தடை 100 மெகா ஓம் அளவில் இருக்கும், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடையோ 10 மெகா ஓம். பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம்கூட மீட்டருக்கு வந்து சேராது.

இதே சிக்கலிலிருந்துதான் ஒரு பெரிய நிறுவனமே பிறந்தது. 1934-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர்னால்ட் பெக்மேனிடம் பழைய வகுப்பு நண்பர் ஒருவர் வந்தார். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டும், சாற்றில் சேர்த்திருந்த கந்தக டை ஆக்சைடு வழக்கமான முறைகளைக் கெடுத்தது, கண்ணாடி எலெக்ட்ரோடோ கால்வனோமீட்டரை அசைக்கும் அளவுக்குக்கூட மின்னோட்டம் தரவில்லை. பெக்மேன் வெற்றிடக் குழாய்களை வைத்து ஒரு பெருக்கியைக் கட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அந்த நண்பர் திரும்பி வந்து இன்னொன்று கேட்டார். கொடுத்ததை ஆய்வகத்தில் மற்றவர்கள் ஓயாமல் எடுத்துப் போனார்களாம், அவர் கைக்குக் கிடைக்கவில்லை. இதை விற்கலாம் என்று பெக்மேனுக்குத் தோன்றியது அந்த இரண்டாவது வருகையில்தான். பிறகு பிலடெல்பியாவில் இருந்த ஒரு பெரிய ஆய்வகப் பொருள் வணிகர் பத்து ஆண்டுகளில் 600 போகலாம் என்று மதிப்பிட்டார். அந்த மதிப்பீடு எவ்வளவு குறைவானது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

எத்தனையோ சந்தை ஆய்வறிக்கைகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். 'இரண்டாவது கேட்டு வருகிறாரா' என்ற கேள்விக்கு இணையாக அவற்றில் ஒன்றும் எனக்குப் பயன்படவில்லை. புதுக் கருவி ஒன்றை முதல் ஐந்து ஆய்வகங்களில் வைத்தால், ஆறு மாதம் கழித்து நீங்களே போய் அதைக் கேளுங்கள்.

சர்வீஸில் இரண்டு வருடம்

எந்தப் பட்டத்தோடு வந்தாலும் சரி, முடிந்தால் இரண்டு வருடம் சர்வீஸில் இருங்கள். முடியாவிட்டால் சர்வீஸ் இன்ஜினியரோடு மாதம் இரண்டு நாளாவது வண்டியில் ஏறிப் போங்கள். பை தூக்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரைகளைப் பிரித்து அளக்கும் ஒரு ஆய்வகம். ஒளிவிலகல் எண் டிடெக்டர் வைத்த ஹெச்பிஎல்சி கருவி, அதாவது திரவத்தை அழுத்தத்தில் ஓட்டிப் பிரிக்கும் குரோமட்டோகிராஃப். மத்தியானத்துக்கு மேல் பேஸ்லைன், அதாவது சாம்பிள் வராதபோது நேராக ஓட வேண்டிய கோடு, அலைகிறது என்று புகார். எனக்கு முன்னால் போன இருவரும் டிடெக்டரை மாற்றிவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு முறையும் காலையில் மாற்றினார்கள், காலையில் சரியாக ஓடியது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் போனபோதும் காலையில் கோடு போட்டது போல நேராக ஓடியது. அங்கிருந்த வேதியியலாளர் அலுத்துப்போய், "நீங்க யாராவது வந்து உட்கார்ந்தா மட்டும் இது ஒழுங்கா ஓடுது மேடம்" என்றார். நான் போகாமல் உட்கார்ந்தேன். எங்கள் ரீஜினல் மேனேஜர் இரண்டு முறை போன் செய்து, இன்னும் ஏன் அங்கேயே இருக்கிறாய் என்று கேட்டார்.

இரண்டரை மணிக்குக் கோடு மெல்ல மேலே ஏறியது, பிறகு இறங்கியது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு அலை. ஹெச்பிஎல்சி பம்பில் அவ்வளவு மெதுவான அலை வராது. நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, விரல் அகலத்துக்குப் பட்டையாக்கி, டிடெக்டரின் மேல்மூடியில் டேப் போட்டு ஒட்டினேன். சும்மா தொங்கியது. ஐந்து நிமிடம் கழித்துப் படபடவென்று ஆடியது, அப்புறம் நின்றது. மறுபடியும் ஆடியது. மேலே பார்த்தால், கூரையில் ஏர் கண்டிஷனரின் காற்றுவழி நேராக எங்கள் டிடெக்டரைப் பார்த்திருந்தது. வெயில் ஏறிய பிறகுதான் கம்ப்ரசர் மாறி மாறி ஓடத் தொடங்குகிறது, காலையில் அதற்கு வேலையே இல்லை. நீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 10,000-இல் ஒரு பங்கு மாறும். அந்த டிடெக்டர் பார்ப்பதோ கோடியில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. குளிர்காற்று மூடியில் பட்டால் போதும். ஒரு அட்டையை மடித்து மறைப்பு வைத்தோம். கோடு நேரானது.

இதில் என் வேலை வாழ்க்கையை மாற்றியது அந்த அட்டை இல்லை. திரும்பி வந்ததும், முந்தைய ஒன்றரை வருடத்து சர்வீஸ் ரிப்போர்ட்களில் 'டிடெக்டர் மாற்றப்பட்டது' என்று இருந்தவற்றைத் தனியே எடுத்து அடுக்கினேன். தொழிற்சாலைக்குத் திரும்பிய டிடெக்டர்களின் சோதனை முடிவையும் அதற்கு எதிரே எழுதினேன். 14 டிடெக்டர் 'கோளாறு காணப்படவில்லை' என்று வந்திருந்தது. நல்ல டிடெக்டரைக் கழற்றி, கூரியரில் அனுப்பி, சோதித்து, வேறொன்றை மாட்டி, வாரண்டிக் கணக்கில் எழுதியிருக்கிறோம். ஒரு பக்கத் தாளில் இதை எழுதி சர்வீஸ் தலைவரிடம் கொடுத்தேன். நிறுவும்போது பார்க்கும் பட்டியலில் 'காகிதப் பட்டைச் சோதனை' என்று ஒரு வரி சேர்ந்தது. அடுத்த வருடம் வாரண்டிச் செலவுக் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். அறையில் இருந்தவர்களில் நான்தான் இளையவள்.

சர்வீஸ் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? 'செய்த வேலை' என்ற கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் தன் வார்த்தையில் சொன்ன புகார், இன்ஜினியர் எழுதிய காரணம், மாற்றிய பாகம், எத்தனை நாள் கழித்து மறுபடி அழைத்தார்கள் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் வையுங்கள். புகாருக்கும் காரணத்துக்கும் பொருந்தாத இடங்களில் பேனாவால் வட்டம் போடுங்கள். வாரம் 20 ரிப்போர்ட் போதும். ஆறு மாதத்தில், எந்தக் கருவி நிறுவனத்தின் பணத்தைத் தின்கிறது என்று கணக்குப் பிரிவுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

விற்பனைக்குப் போகும்போது

சர்வீஸிலிருந்து நேராக விற்பனைக்குப் போவதைவிட நடுவில் அப்ளிகேஷன் ஆய்வகத்தில் ஒரு வருடம் இருப்பது நல்லது. அங்கேதான் டெமோ நடக்கும். டெமோவுக்கு என் விதி ஒன்றே ஒன்று: நம் ஸ்டாண்டர்ட் சாம்பிளை ஓட்டிக் காட்டாதீர்கள். வாடிக்கையாளரிடம் இருப்பதிலேயே மோசமான, அழுக்கான, அவருக்குத் தலைவலி கொடுக்கும் சாம்பிளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் ஓடவில்லை என்று அன்றே சொல்லுங்கள். நான் அப்படி இழந்த ஆர்டர்கள் உண்டு. ஆனால் விற்றுவிட்டு மூன்றாவது மாதம் திரும்பி வந்த கருவியின் செலவோடு ஒப்பிட்டால் அந்த இழப்புகள் சிறியவை.

1970களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் ராபர்ட் உட்வர்டின் குழு வைட்டமின் பி12-ஐச் செயற்கையாக உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒரே அணுக்கள், வேறு அமைப்பு என்று இருக்கும், பிரித்தெடுக்கவே முடியாத நெருக்கமான ஐசோமர்களில் வேலை மாட்டிக்கொண்டது. ஹெச்பிஎல்சி செய்யும் வாட்டர்ஸ் நிறுவனத்தின் நிறுவனர் ஜிம் வாட்டர்ஸே கருவியோடு அங்கே போனார். உட்வர்டின் குழுவில் இருந்த ஹெல்முட் ஹாம்பர்கர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அந்தப் பிரிப்பை நடத்திக் காட்டினார். அந்த நாளில் கரிம வேதியியலாளர்கள் பலருக்கு ஹெச்பிஎல்சி மேல் நம்பிக்கை வந்திருக்கவில்லை. உட்வர்டின் ஆய்வகத்தில் அது வேலை செய்கிறது என்ற செய்தி, எந்த விளம்பரமும் எட்டாத இடத்துக்குப் போனது. கடினமான சாம்பிள் இருக்கும் ஆய்வகத்தைத் தேடிப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷுக்கு அணு உறிஞ்சல் நிறமாலையியல் என்ற யோசனை 1952-இல் வந்தது, 1955-இல் கட்டுரையாக வெளியிட்டார். உலோகங்களை அளக்கும் பல ஆய்வகங்களில் இன்றும் அது இருக்கிறது. ஆனால் அதை நன்றாகச் செய்து விற்கக் கருவி நிறுவனங்கள் முன்வருவதற்கு வருடங்கள் ஆயின. 'இதுவரை யாரும் கேட்கவில்லையே' என்று புராடக்ட் கமிட்டியில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு வால்ஷ் நினைவுக்கு வருவார்.

கருவி வாங்கும் முடிவை ஒருவர் எடுப்பதில்லை. பயன்படுத்துபவர், ஆய்வகத் தலைவர், தரப் பிரிவு, கணினிப் பிரிவு, பர்ச்சேஸ் என்று ஐந்து பேர் இருப்பார்கள். புதிதாக வரும் விற்பனையாளர்கள் தலைவரையும் பர்ச்சேஸையும் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆர்டரை நிறுத்துவது பெரும்பாலும் கணினிப் பிரிவும் தரப் பிரிவும்தான். உங்கள் சாஃப்ட்வேர் அவர்களுடைய நெட்வொர்க்கில் ஏறுமா, பாஸ்வேர்ட் கொள்கைக்கு ஒத்துவருமா, ஆடிட் டிரெயில் (யார் எதை மாற்றினார் என்ற பதிவு) இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு முதல் சந்திப்பிலேயே தாளில் பதில் கொடுத்துவிடுங்கள்.

என் பெரிய தவறு எலெக்ட்ரோடில் நடந்தது

விற்பனை மேலாளரான இரண்டாவது வருடம். காலாண்டு முடிய பத்து நாள், இலக்குக்குக் கொஞ்சம் குறைகிறது. எங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவரிடம் பேசி, கூடுதல் தள்ளுபடி கொடுத்து, ஆறு மாதத்துக்கு வேண்டிய பிஎச் எலெக்ட்ரோடுகளை ஒரே நேரத்தில் எடுக்க வைத்தேன். காலாண்டு நிறைந்தது. பாராட்டு மெயில் வந்தது.

எலெக்ட்ரோடுக்கு ஆயுள் உண்டு. பெட்டியில் இருந்தாலும் அது மூப்படையும், முனையில் இருக்கும் தொப்பியில் ஈரம் வற்றினால் இன்னும் வேகமாக. அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் கிடங்கு தகரக் கூரை. எட்டாவது மாதம் புகார்கள் வரத் தொடங்கின. நல்ல எலெக்ட்ரோடின் சரிவு, அதாவது ஒரு பிஎச் அலகுக்கு அது தரும் மில்லிவோல்ட், அந்த 59.16-இல் 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். திரும்பி வந்தவை 85, 88 என்று காட்டின. மொத்தத்தையும் மாற்றிக் கொடுத்தோம். அடுத்த இரண்டு காலாண்டும் அவரிடமிருந்து புது ஆர்டரே இல்லை, இருப்பதே விற்கவில்லை. மூன்று காலாண்டைச் சேர்த்துப் பார்த்தால் நிறுவனத்துக்கு நான் நஷ்டம்தான் கொண்டுவந்திருந்தேன். எங்கள் பெயரை நம்பி வாங்கிய ஆய்வகங்கள் தவறான எண்ணை எழுதியிருக்கக்கூடும் என்பது அதைவிட உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு நாம் அனுப்பியதை விற்பனை என்று நான் எண்ணுவதில்லை. அவரிடமிருந்து ஆய்வகத்துக்குப் போனதைத்தான் எண்ணுவேன். நீங்கள் ஒரு பகுதியின் பொறுப்பை ஏற்கும்போது முதல் வாரமே கேட்க வேண்டிய எண் அது. தர மறுத்தாலோ இழுத்தடித்தாலோ கிடங்குக்கு நேரில் போய்ப் பெட்டிகளின் மேல் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

புராடக்ட் மேனேஜர் நாற்காலி

நிர்வாகியாக வர நினைப்பவர் தவறவிடக் கூடாத நாற்காலி இது. ஆராய்ச்சி, தொழிற்சாலை, விற்பனை, சர்வீஸ் எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள், உங்களுக்கு யார் மேலும் அதிகாரம் இருக்காது. அதிகாரமில்லாமல் வேலை வாங்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

இங்கே முதலில் பழக வேண்டியது, 50-வது கருவியைக் கேட்பது. ஆராய்ச்சிப் பிரிவு காட்டும் முதல் ஐந்து கருவிகள் அருமையாக இருக்கும். அதை வடிவமைத்தவர்களே கண்ணாடிகளைக் கையால் திருகி ஒளிப்பாதையைச் சரிசெய்திருப்பார்கள். அதே கருவியை உற்பத்தி வரிசையில் ஒருவர், எழுதி வைத்த வழிமுறையை மட்டும் பார்த்து, 40 நிமிடத்தில் சரிசெய்ய முடிகிறதா? முடியாவிட்டால் அது இன்னும் கருவி ஆகவில்லை, மாதிரிதான். வெளியீட்டுத் தேதியைத் தள்ளிப்போட நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் முறைப்பார்கள்.

இந்தத் தொழிலில் இந்தப் பாடம் பழையது. கார்ல் ஸைஸின் பட்டறையில் நுண்ணோக்கி லென்ஸுகளைத் தேய்த்து, பொருத்தி, பார்த்து, மறுபடி தேய்த்துத்தான் செய்தார்கள். 1866-இல் ஸைஸ் எர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியலாளரைச் சேர்த்துக்கொண்டார். ஆபே 1873-இல் நுண்ணோக்கியின் பிரிதிறனுக்கான கோட்பாட்டை வெளியிட்டார், லென்ஸுகளைக் கணக்குப் போட்டுச் செய்ய முடிந்தது. கணக்கு வந்த பிறகு தேவையான கண்ணாடி கிடைக்கவில்லை. அதற்காக ஓட்டோ ஷாட் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1884-இல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையே தொடங்கினார்கள். கோட்பாடு, உற்பத்தி, மூலப்பொருள் மூன்றும் ஒரே மேசைக்கு வர 18 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. உங்கள் புதுக் கருவியும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்ளும், அநேகமாக மூன்றாவதில்.

எனக்கும் மூன்றாவதில்தான் மாட்டியது. எங்கள் கருவி ஒன்றில் ஒளி உணரி வெளியிலிருந்து வாங்குவது. அதைச் செய்பவர் உற்பத்தியை நிறுத்துவதாகவும், கடைசி ஆர்டர் கொடுக்க ஆறு மாதம் இருப்பதாகவும் கடிதம் அனுப்பினார். புது உணரிக்கு மாற எங்களுக்கு ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் விற்கப்போகும் கருவிகளுக்கு எண்ணி ஆர்டர் கொடுத்தேன். ஏற்கனவே விற்ற கருவிகளை மறந்துவிட்டேன். கணக்கு இப்படிப் போட்டிருக்க வேண்டும்: களத்தில் 2000 கருவி, வருடத்துக்கு 2 சதவீதத்தில் உணரி கெடும், விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் ஸ்பேர் தருவதாக வாக்கு. பழுதுக்கு மட்டும் 280 உணரி வேண்டும். மூன்றாவது வருடம் ஸ்பேர் தீர்ந்துபோனது. புது உணரியின் நடத்தை கொஞ்சம் வேறு. மருந்து ஆய்வகங்களில் அதை மாட்டினால் கருவியை மறுபடி குவாலிஃபை செய்ய வேண்டும், அதாவது சரியாக அளக்கிறது என்று சோதித்து நிரூபிக்க வேண்டும், பழைய முடிவுகளோடு ஒப்பிட்டு ஆவணமும் எழுத வேண்டும். ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் எங்கள் செலவில் ஆள் அனுப்பினோம். சிறிய உணரி, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்காக ஒன்பது மாதம் போனது.

இன்று யாராவது என்னிடம் புதுக் கருவித் திட்டத்தைக் கொண்டுவந்தால், எந்தப் பாகங்கள் ஒரே ஒருவரிடமிருந்து வருகின்றன என்ற பட்டியலைத்தான் முதலில் கேட்பேன்.

லாப நஷ்டத்தைப் படிப்பது

நிதியை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம், தவறில்லை. எம்பிஏ செய்ய விரும்பினால் புராடக்ட் மேனேஜராக இரண்டு வருடம் இருந்த பிறகு செய்யுங்கள், அப்போதுதான் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். ஆனால் நம் தொழிலின் கணக்கைக் கருவியிலிருந்தே படிக்க வேண்டும்.

நிறமாலைமானியில் இருக்கும் டியூட்டீரியம் விளக்கு சுமார் 2000 மணி நேரம் தாங்கும். ஒரு ஆய்வகம் நாளுக்கு 8 மணி நேரம், வருடம் 250 நாள் அதை எரித்தால் சரியாக ஒரு வருடம். களத்தில் 1000 கருவி அப்படி ஓடினால் வருடம் 1000 விளக்கு போக வேண்டும். நீங்கள் 600தான் விற்கிறீர்கள் என்றால் மீதி 400 என்ன ஆயிற்று? கருவி ஓடாமல் கிடக்கிறதா, வேறு யாரோ விளக்கு விற்கிறார்களா, வாடிக்கையாளர் மங்கிய விளக்கோடு அளந்துகொண்டிருக்கிறாரா? மூன்றுக்கும் மூன்று வேறு மருந்து. கருவி ஒருமுறை விற்கும், பத்து வருடத்துக்கு மேல் மேசையில் இருக்கும். அந்தப் பத்து வருட விளக்கு, பம்ப் சீல், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்துதான், புது ஆர்டர் இல்லாத வருடத்தில் சம்பளம் கொடுக்கும். அதனால் சர்வீஸ் பிரிவை வெறும் செலவாகக் காட்டும் அறிக்கை வந்தால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

கையெழுத்துப் போடும் தாள்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம். தரத்துக்கு ஐஎஸ்ஓ 9001, மருத்துவக் கருவியானால் ஐஎஸ்ஓ 13485, ஆய்வகக் கருவியின் மின் பாதுகாப்புக்கு ஐஇசி 61010. வாடிக்கையாளரின் சோதனைக்கூடம், சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன் கீழ் இருந்தால் உங்கள் கேலிபரேஷன் சான்றிதழில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு மருந்து விற்கும் நிறுவனங்கள் எங்கிருந்தாலும் 1997-இல் வந்த 21 சிஎஃப்ஆர் பார்ட் 11 என்ற அமெரிக்க விதியைப் பற்றிக் கேட்பார்கள்: யார், எப்போது, எந்த எண்ணை மாற்றினார் என்பது அழியாமல் இருக்க வேண்டும்.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு தனி விஷயம். யுரேனியம் ஐசோடோப்புகளை அளக்கக்கூடிய சில மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் போன்றவை அணு ஆயுத வேலைக்கும் பயன்படலாம் என்பதால் உரிமம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. யாருக்கு, எதற்கு என்ற கேள்விக்கு நீங்களே திருப்தி அடையாமல் காலாண்டு அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லோரும் மேலாளர் ஆக வேண்டியதில்லை

ஆட்களை நடத்தும் இடத்துக்கு வந்ததும், நல்ல விஞ்ஞானிகளுக்கு மேலாளர் பதவி கொடுத்துத்தான் மரியாதை செய்ய முடியும் என்று நினைப்போம். ஷிமாட்ஸு நிறுவனத்தில் இருந்த கோயிச்சி தனாகாவைப் பாருங்கள். 1985-இல் நுண்ணிய கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரின் கலந்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் அதையே லேசரில் சோதித்தார், பெரிய மூலக்கூறுகளை உடையாமல் அயனியாக்கும் வழி கிடைத்தது. அதற்காக 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆய்வு மேசையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகப் பதவி உயர்வுத் தேர்வுகளை எழுதாமல் தவிர்த்தவர் அவர். உங்கள் பிரிவில் அப்படி ஒருவர் இருந்தால், மேசையை விடாமலே அவருடைய சம்பளமும் குரலும் உயர வழி செய்யுங்கள். நான் இதற்கு நான்கு வருடம் மனிதவளப் பிரிவோடு வாதாடினேன். கிடைத்தது.

தலைமைக்கு வந்த முதல் மாதங்கள்

பிரிவின் தலைமைக்கு வந்ததும் உங்களுக்கு நூறு ஸ்லைடு காட்டுவார்கள். பாருங்கள். ஆனால் முதல் மாதத்துக்குள், முடிக்காமல் கிடக்கும் புகார்களில் மிகப் பழைய 20-ஐ எடுத்து, அந்த ஆய்வகங்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். நான் செய்தேன். ஏழு பேர் வேறு நிறுவனக் கருவி வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஏழும் எங்கள் ஃபோர்காஸ்ட்டில் 'வாய்ப்புள்ள வாடிக்கையாளர்' என்று இருந்தன.

இன்னொன்று, பொறுமை. ஒரு புதுக் கருவி யோசனையிலிருந்து விற்பனைக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். முதல் இரண்டு வருட நல்ல எண்கள் உங்களுக்கு முன்னால் இருந்தவர் விதைத்தது. நீங்கள் ஆராய்ச்சிச் செலவை வெட்டினால் அது தெரிய மூன்று வருடம் ஆகும், அப்போது நீங்கள் அந்த நாற்காலியில் இல்லாமலும் இருக்கலாம். போர்டில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், பெருமையில் பங்கு அவருக்கும் போகட்டும்.

மாதத்தில் ஒரு நாளை நாட்காட்டியில் அடைத்து வைத்து ஏதாவது ஒரு ஆய்வகத்தில் உட்காருங்கள். விற்பனையாளர் கூட வர வேண்டாம், சர்வீஸ் இன்ஜினியர் வரட்டும். கருவியைத் தினமும் தொடுபவரிடம் போய், "இதில் நீங்கள் தொடவே பயப்படும் பாகம் எது?" என்று கேளுங்கள். நான் கேட்ட ஒரு இடத்தில் அந்தப் பெண் சாம்பிள் அறையின் கதவைக் காட்டினார். மூடும்போது கீழ்க்கொக்கி விரலைக் கடிக்கிறதாம், அதனால் பாதி மூடிய நிலையில்தான் தினமும் அளக்கிறார். அறை வெளிச்சம் அந்த இடுக்கு வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரே லைட் 0.1 சதவீதம் என்று நாங்கள் அச்சடித்த தாள் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. கொக்கியை மாற்ற அன்று மாலையே பொறியாளருக்கு மெயில் போட்டேன். கூடவே, 'சாம்பிள் அறைக் கதவு' என்று எங்காவது வந்திருக்கிறதா என்று அந்த மாடலின் பழைய சர்வீஸ் ரிப்போர்ட்களைத் தேடச் சொன்னேன். ஆறு இடத்தில் வந்திருந்தது. ஆறிலும் 'செய்த வேலை' கட்டத்தில், பயனருக்கு விளக்கப்பட்டது என்று எழுதி மூடியிருந்தார்கள்.